உலையறைக்கு ஒலித்த மணி

வீட்டின் வெப்பத்தை வெளியூரிலிருந்தவாறே இணையத்தின்வழி கூட்டலாம், குறைக்கலாம் என்றால், ஆண்டு முழுவதும் வியர்வையோடு வாழும் நமக்குச் சற்று வேடிக்கையாகவே இருக்கும். குளிர்நாட்டாருக்கு அது வேடிக்கையன்று. இவ்வசதியின் வரலாற்றைத் தேடினால் தொடக்கத்தில் ஓர் ஆசிரியர் நிற்கிறார்!

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒயிட்வாட்டர் என்னும் சிற்றூரில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியொன்று இருந்தது. வாரன் ஜான்சன் அங்குப் பேராசிரியர். கட்டடத்தைச் சூடாக்கும் உலை அடித்தளத்தில் எரியும். எந்த அறை குளிர்கிறது, எது புழுங்குகிறது என்றறியப் பணியாளர் ஒவ்வொரு வகுப்பறையாக நுழைந்து வெப்பமானியைப் பார்ப்பார். பின்னர்க் கீழே சென்று காற்றுத் தடுப்புகளைத் திருத்துவார். பாடம் நடக்கையில் கதவு திறந்தால் மாணவர் கவனம் எங்கே போகும் என்பதை ஆசிரியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இத்தொல்லைக்கு ஜான்சன் கண்ட தீர்வு எளிமையானது. வெப்பத்தால் வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒன்றாகப் பிணைத்தால், சூடு மாறும்போது அது வளையும். இவ்வுண்மையைக் கொண்டு ஆண்ட்ரூ யூர் என்பார் 1830இலேயே வெப்பச்சீராக்கி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஜான்சன் அவ்வளைவை மின்சுற்றோடு இணைத்தார். வகுப்பறையின் வெப்பம் மாறினால் உலையறையில் மணி ஒலிக்கும். பணியாளர் மாடியேறாமலே செய்தியை அறிவார். 1883இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1885இல் மில்வாக்கி நகரில் அவர் தொடங்கிய நிறுவனமே இன்றைய ஜான்சன் கண்ட்ரோல்ஸ்.

அதே 1885இல் மினியாபொலிஸ் நகரில் ஆல்பர்ட் பட்ஸ் என்பவர் பணியாளரின் வேலையையும் பொறியிடம் ஒப்படைத்தார். அறை குளிர்ந்ததும் அவருடைய கருவி உலையின் காற்றுத் தடுப்பைத் தானே தூக்கிவிடும். காற்றுப் புகுந்து நெருப்பு வளரும். போதிய சூடு வந்ததும் தடுப்பு மூடிக்கொள்ளும். பட்ஸ் போட்ட விதைதான் பின்னாளில் ஹனிவெல் நிறுவனமாக வளர்ந்தது. அந்நிறுவனம் 1953இல் வெளியிட்ட வட்டவடிவக் கருவி எண்ணற்ற வீடுகளின் சுவர்களில் இடம்பிடித்தது.

ஆனால், இவையெல்லாம் வீட்டுக்குள் ஆள் இருந்தால்தானே உதவும்? பூட்டிய வீட்டுக்கு யார் காவல்? நீர் உறையும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு விரிகிறது. குளிரில் கைவிடப்பட்ட வீட்டில் குழாய் வெடித்து, பனி உருகும்போது வீடே நீரில் மிதக்கும். நார்வே மக்கள் மலைக்குடில்களுக்குத் தொலைபேசியில் அழைப்பு விடுத்தே வெப்பமூட்டியை இயக்கும் முறையை இணையக் கருவிகளுக்கு முன்பே கையாண்டனர். ‘அழைத்துக் குடிலைச் சூடாக்கு’ என்பதே அம்முறைக்கு அவர்கள் வழங்கிய பெயர்!

இணையம் அந்தக் கம்பியை மேலும் நீட்டியது. 2011இல் நெஸ்ட் என்னும் கருவி வந்த பிறகு கைப்பேசிக் கட்டுப்பாடு பெரிதும் பேசப்பட்டது. எரிபொருள் மிச்சமே இதன் பெரும்பயன் என்பர். நாளுக்கு 8 மணி நேரம் வெப்பத்தை ஏறக்குறைய 4 முதல் 5.5 டிகிரி செல்சியஸ் வரை தணித்தால் ஆண்டுச் செலவில் 10 விழுக்காடு வரை குறையலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை கூறுகிறது. அதைப் புறப்படும்போது கையாலேயே செய்துவிடலாம். இணையம் மறதிக்காரர்களுக்குத்தான் உதவுகிறது. என் கணிப்பில், ஆளில்லா வீட்டின் குளிரை உரிய நேரத்தில் உரியவருக்கு அறிவிப்பதே மேலான பயன். தனித்து வாழும் முதிய பெற்றோரின் வீடு குளிர்ந்து கிடப்பதை வேறோர் ஊரில் இருக்கும் பிள்ளை அறிந்துகொள்வது சிறிய செய்தியா?

எனினும், ஜான்சனின் கம்பி ஒரே கட்டடத்துக்குள் ஓடியது. இன்றைய கம்பியோ விற்பவரின் கணினி வழியாகச் செல்கிறது. 2016 சனவரியில் மென்பொருள் கோளாற்றால் நெஸ்ட் கருவிகள் பலவற்றின் மின்கலம் தீர்ந்து, கடுங்குளிரில் வீடுகள் சில்லிட்டன. நெஸ்ட் நிறுவனத்தை 2014இல் வாங்கிய கூகுள், அதன் முதல் இரு தலைமுறைக் கருவிகளுக்கான ஆதரவை 2025 அக்டோபரில் நிறுத்திக்கொண்டது. அவற்றைச் சுவரருகே சென்று கையால் திருப்பினால் வீடு இன்றும் சூடாகும். தொலைவிலிருந்து இயக்கும் வசதிதான் இல்லை.