வெயில்ல உழைக்கிற சோலார் பேனல், வெயில்லயே வயசாகுது!

திருப்பாச்சூர், திருவள்ளூர் பக்கம் வீடு இருக்கிறவங்களுக்கு வெயிலைப் பத்தி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கோடையில் சதம் அடிக்கும் ஊர்கள் பட்டியலில் பக்கத்து திருத்தணி தவறாமல் இடம்பிடிக்கும். 'இவ்வளவு வெயிலுக்கு கரன்ட் கொட்டுமே' என்று நினைத்து, 3 கிலோவாட்டுக்குக் கிடைக்கும் 78,000 ரூபாய் மத்திய அரசு மானியத்தையும் கணக்குப் போட்டு, மாடியில் பேனல் ஏத்தியிருப்பீங்க. ஆனா, பேனலுக்குத் தேவை வெளிச்சம்தான், வெப்பம் இல்லை.

பேனலின் பின்னால் ஒட்டியிருக்கும் வாட் கணக்கு, அதற்குள் இருக்கும் செல் 25 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது அளந்தது. கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் செல்லின் சூடு 65 டிகிரியைத் தொடும். 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35% உற்பத்தி குறையும். அதாவது 540 வாட் பேனல், உச்சி வெயிலில் 465 வாட் தந்தாலே பெரிய விஷயம். இது தற்காலிக இழப்பு. சூடு தணிஞ்சா சரியாகிடும்.

கவலைப்பட வேண்டியது திரும்பி வராத இழப்பைப் பத்தி. கண்ணாடிக்கும் செல்லுக்கும் நடுவே 'ஈவிஏ' என்ற பிளாஸ்டிக் படலம் இருக்கும். புற ஊதாக் கதிரும் சூடும் சேர்ந்து வருஷக்கணக்கில் அதை மஞ்சளாக்கும், பழுப்பாக்கும். செல்லுக்குப் போகும் வெளிச்சம் குறையும். மதியம் கொதிச்ச பேனல் மேல் சாயங்காலம் கோடைமழை கொட்டினால் சட்டென்று சுருங்கும். இப்படி விரிஞ்சு சுருங்கியே உள்ளே இருக்கும் சால்டரிங் இணைப்புகள் தளர்ந்துடும்.

அடுத்தது, ஐப்பசி, கார்த்திகை ஈரம். பின்பக்க ஷீட் வழியா ஈரம் மெதுவா உள்ளே கசியும். ஈரமும் சூடும் சேர்ந்தால் ஈவிஏ சிதைஞ்சு அசிட்டிக் அமிலம் உண்டாகும். வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான்! அது செல்லின் மேல் ஓடும் வெள்ளிக் கோடுகளை அரிக்கும். பின்பக்கமும் கண்ணாடி உள்ள பேனல்களில் இந்தக் கசிவு குறைவு, எடைதான் அதிகம்.

ஐ.ஐ.டி பாம்பேயும் தேசிய சூரிய ஆற்றல் நிறுவனமும் 2013 முதல் நாடு முழுக்க பேனல்களைச் சோதித்தன. குளிர்ப் பகுதிகளைவிட வெப்பப் பகுதிகளிலும், தரையில் நிறுத்தியதைவிட கூரையில் போட்டவற்றிலும் தேய்மானம் அதிகம் என்று தெரிஞ்சது. நாம போடுறது கூரையில, அதுவும் வெப்பப் பகுதியில!

இதே மாவட்டத்திலும் இடத்துக்கு இடம் எதிரி மாறும். பழவேற்காடு பக்கம்னா உப்புக்காத்து. அங்கே வாங்குறவங்க உப்புப் பனிச் சோதனைச் சான்று (ஐஇசி 61701) இருக்கான்னு கேளுங்க. கும்மிடிப்பூண்டியில் இரும்பு ஆலைப் புகை, அத்திப்பட்டு பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல். தூசியைக் கழுவிடலாம். காக்கா எச்சம்தான் மோசம்: ஒரு செல் மறைஞ்சாலும் அந்த இடம் மட்டும் கன்னாபின்னான்னு சூடாகி நிரந்தரமாக் கருகலாம்.

கழுவுறது காலை 8 மணிக்குள் இருக்கட்டும். கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை ஊத்தினா விரிசல் விட வாய்ப்பு உண்டு. உப்பு போர் தண்ணீர் வெள்ளையாப் படியும். சிலர் மிச்சப்படுத்துறதா நினைச்சு ஆர்.ஓ கழிவுநீரை ஊத்துறாங்க, அது இன்னும் உப்பு. மழைநீர் அருமை. பேனல் மேல் ஏறி நிற்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். புதுசா போடுறவங்க, பேனலுக்கு அடியில் காத்து ஓட இடம்விடச் சொல்லுங்க. தகரக் கூரையோடு ஒட்டிப் போட்டா, அடியிலும் வேகும்.

'25 வருஷ வாரன்டி'ன்னு சொல்றது பெரும்பாலும் உற்பத்திக்குத்தான். கடைசி வருஷத்தில் 80-85% வந்தால் போதும் என்பதே அதன் அர்த்தம். பொருளுக்கான வாரன்டி பொதுவா 10, 12 வருஷம்தான். அதனால பேனலின் சீரியல் நம்பரை இப்பவே போட்டோ எடுத்து வைங்க. மாசாமாசம் யூனிட்டை எழுதிவெச்சு, இந்த ஏப்ரலை போன ஏப்ரலோடு ஒப்பிடுங்க. டிசம்பரோடு ஒப்பிட்டா கணக்கு தப்பாகும். சுத்தமா இருந்தும், வெயில் நல்லா அடிச்சும் வருஷத்துக்கு 3, 4 சதவிகிதம் தொடர்ந்து இறங்கினா, நிறுவனத்துக்கு அந்த நோட்டுக் கணக்கோடு எழுத்துமூலமா புகார் கொடுங்க.