குணம் என்னும் சொல்: தாம்பரம் சானடோரியத்தை முன்வைத்து

‘குணம்’ என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு அர்த்தங்கள். ஒருவருடைய இயல்பும் குணம்; நோய் தீர்வதும் குணம். இவ்விரண்டையும் முடிச்சுப் போடும் நமது பழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது இன்று மின்ரயில் நிலையம் ஒன்றின் பெயராகவும் நிற்கிறது.

டாக்டர் டேவிட் சவரிமுத்து 1928-ல் தாம்பரத்தில் காசநோய் சானடோரியத்தைத் தொடங்கினார்; 1937-ல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. காசத்துக்கு மருந்தில்லாத காலம் அது. காற்று, ஓய்வு, உணவு, ஒழுங்கு, இவைதான் வைத்தியம். நோயாளியை அவருடைய தெருவிலிருந்து பிரித்தெடுத்து வேறொரு சூழலில் வைப்பது என்பதே சானடோரியத்தின் தர்க்கம். இதன் மறுபக்கம் ஓர் அவநம்பிக்கை: ஏழையை வீட்டுக்கு அனுப்பினால் மருந்து சாப்பிட மாட்டான், அவன் குணம் அப்படி.

இந்த அவநம்பிக்கை சென்னையிலேயே பரிசோதிக்கப்பட்டது. 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் நிறுவப்பட்டது. ஒரு பகுதி நோயாளிகள் சானடோரியத்தில். மறுபகுதியினர் நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே. மருந்து ஒன்றுதான். 1959-ல் வெளியான முடிவு உலகையே திருப்பிப்போட்டது: குணமடைவதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டிலிருந்தவர்களுக்கு ஓய்வும் குறைவு, சாப்பாடும் குறைவு, இருந்தும் தேறினார்கள்.

அப்படியானால் எல்லாம் சூழ்நிலைதான், மனிதர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாமா? முடியாது. அந்த ஆய்விலேயே மருத்துவப் பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். நம்பிக்கையோடு கூடவே கண்காணிப்பும் வீட்டுக்குள் நுழைந்தது. கண்முன்னே மருந்து விழுங்கவைக்கும் முறையின் வேர்களில் ஒன்று சென்னையில்தான் இருக்கிறது.

நடத்தை என்பது ஆளும் சூழலும் சேர்ந்த விளைவு என்று 1936-லேயே குர்ட் லெவின் எழுதினார். இதைக் கூட்டல் கணக்காகப் புரிந்துகொள்வதுதான் சிக்கல். சானடோரியம் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரே ஷிப்டில் வேலை பார்க்கும் இரண்டு பேருக்குக் காசம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் வாய்விட்டுப் பேசி அரைநாள் லீவு வாங்கிவிடுவார். மற்றவர் கூச்ச சுபாவி, மருந்தை விட்டுவிடுவார். கூச்சம் அவருடைய இயல்புதான். ஆனால் நோய் தெரிந்தால் வேலை போய்விடும் என்ற நிலைமை இல்லாத இடத்தில் அதே கூச்சம் யாரையும் கொல்வதில்லை. ஓர் இயல்பைக் குற்றமாக மாற்றும் அதிகாரம் சூழலிடம் இருக்கிறது.

1993-லிருந்து சானடோரியம் எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டபோது இதே நாடகம் இன்னும் கொடூரமாக நடந்தது. வைரஸைவிட ‘நடத்தை’ பற்றித்தான் ஊர் பேசியது. 2004-ல் அங்கே இலவசக் கூட்டு மருந்து வந்தது. தேறிய உடம்புகளின் முன்னே ‘நடத்தை’ பற்றிய பேச்சு பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

மருந்தை நிறுத்தியவருக்குப் பதிவேடுகளில் ‘டிஃபால்டர்’ என்று பெயர். கடன் கட்டாதவருக்கும் அதே பெயர். 2013-ல் உலக சுகாதார நிறுவனம் இச்சொல்லைக் கைவிட்டு, ‘தொடர்பு விட்டுப்போனவர்’ என்ற பொருளில் மாற்றிக்கொண்டது. இது வெறும் சொல் மாற்றமில்லை. தொடர்பு என்றால் இரண்டு முனை உண்டு. விட்டது யார் என்று இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். 2018 முதல் காசநோயாளிகளுக்கு உணவுக்காக மாதம் 500 ரூபாய், பிறகு 1000 ரூபாய் என்று அரசு தருவதும், பசித்த வயிற்றில் மாத்திரை தங்காது என்பதைத் தாமதமாக ஒப்புக்கொண்டதுதான்.

‘இவனுங்க திருந்தமாட்டானுங்க சார்’ என்று டீக்கடையில் யாராவது சொன்னால், நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: திருந்த வேண்டியது ஆள் மட்டும்தானா?