இலவச மடிக்கணினியும் வைஃபை கார்டும்

அரக்கோணத்தில் ஏறி சென்னைக்குப் போகிறவர்கள் திருவள்ளூரைத் தாண்டாமல் போக முடியாது. அதை ஒட்டிய காக்களூரில்தான் 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். தமிழக அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்த அந்தக் கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடித்தளமாக வைத்து, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய இயங்குதளம் அது. எல்காட்டுக்கு இது புதிதல்ல. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோதே, 2007 வாக்கில், அந்நிறுவனம் சூஸே லினக்ஸுக்கு மாறத் தொடங்கியிருந்தது. சிறு ஊர்களில் எத்தனையோ வீடுகளுக்குள் லினக்ஸ் முதன்முதலாக நுழைந்தது அந்த மடிக்கணினி வழியாகத்தான்.

ஆனால் லினக்ஸ் ஏற்றியவர்களை அந்நாளில் அதிகம் திணறடித்தது வைஃபை கார்டு.

வைஃபை சிப் தயாரிக்கும் பிராட்காம் தன் சிப்களின் உள்விவரங்களை வெளியிடாமல் வைத்திருந்தது. தன்னார்வலர்கள் விடவில்லை. ஒரு குழு மூடிய டிரைவரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, சிப் இயங்கும் விதத்தை எழுதி வைத்தது. அந்தக் குறிப்பை மட்டும் படித்து இன்னொரு குழு புதிய டிரைவர் எழுதியது. திறமூல வரலாற்றில் இதைவிடப் பொறுமையான உழைப்பு அரிது. அது கைகொடுக்காதவர்கள் என்டிஸ்ராப்பர் என்ற மென்பொருள் மூலம் விண்டோஸ் டிரைவரையே லினக்ஸுக்குள் ஓட்டினார்கள். 2008-ல் இன்னொரு சிப் நிறுவனமான ஏதெரோஸ் தானே முன்வந்து ஏடிஎச்9கே டிரைவரைத் திறந்து கொடுத்தது. 2010 செப்டம்பரில் பிராட்காமும் இறங்கிவந்தது.

டிரைவர் திறந்தாலும், சிப்புக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் மூடியே கிடந்தது. கட்டற்றதாக இல்லாத ஃபர்ம்வேரை 2011 பிப்ரவரியில் வெளியான டெபியன் 6 தன் கர்னலிலிருந்து எடுத்துவிட்டது. இன்டெல் கார்டு வைத்திருந்தவர் அதைத் தனியாக இறக்க வேண்டும். இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கோ அந்தக் கார்டே வேண்டும்! ஏடிஎச்9கே டிரைவரில் ஓடும் பிசிஐ கார்டுகளுக்கு இந்தத் தொல்லையே இல்லை, அவற்றுக்கு ஃபர்ம்வேர் ஏற்றத் தேவையில்லை. ஏஆர்9271 சிப் கொண்ட யுஎஸ்பி வைஃபைக்கு ஃபர்ம்வேர் தேவை. அதன் மூலநிரலும் 2013-ல் வெளியானது. கார்டை மாற்றிப் பார்த்தவர்களுக்கு வேறொரு முட்டுக்கட்டை காத்திருந்தது: ஹெச்.பி., லெனோவோவின் சில மாடல்களில் பயாஸ் பட்டியலில் இல்லாத கார்டைச் செருகினால் கணினி கிளம்பவே மறுக்கும்.

2022-ல் டெபியன் உருவாக்குநர்களிடையே நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகு, 2023 ஜூனில் வந்த டெபியன் 12 ஃபர்ம்வேரை நிறுவியிலேயே சேர்த்துக்கொண்டது. பெரும்பாலான தொல்லை அதோடு தீர்ந்தது. இருந்தாலும், சென்னை ரிச்சி தெருவின் கணினிக் கடைகளில் கார்டு வாங்குகிறவர்கள் பெட்டியில் உள்ள பெயரைவிட சிப்பின் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். இன்டெல் ஏஎக்ஸ்210 ஏஎம்டி மடிக்கணினியிலும் ஓடும். பார்க்க அதேபோல் இருக்கும் ஏஎக்ஸ்201, அதற்கேற்ற இன்டெல் பிராசசர் இல்லாவிட்டால் ஓடாது.

20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி தருவதாக 2025-26 தமிழக பட்ஜெட் அறிவித்தது. இத்தகைய ஒவ்வொரு கொள்முதலின் ஒப்பந்தப்புள்ளியிலும், கர்னலிலேயே திறந்த டிரைவர் உள்ள வைஃபை சிப்தான் வேண்டும் என்ற ஒரு வரியை எல்காட் கட்டாயம் சேர்க்க வேண்டும்.