பாலும் சுண்ணாம்பும்

நெய்யாற்றின்கரை என்னும் பெயரைக் கேட்ட அளவிலே பாலும் தயிரும் நினைவுக்கு வருதல் இயல்பு. நெய்யின் பெயரைத் தாங்கிய ஆறு ஒன்று அவ்வூரைத் தழுவி ஓடுகின்றது. அங்கிருந்து தெற்கே சென்றால் பாறசாலை. அதனையும் கடந்தால் களியக்காவிளை. இச்சிறு நிலப்பரப்பிலே இரண்டு மாநிலங்கள் சந்திக்கின்றன. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்தில் நின்றது. அன்று நாட்டின் எல்லை பிரிந்ததே தவிரத் தச்சரின் உளிக்கும் கொத்தரின் கரணைக்கும் எல்லை பிரியவில்லை. இருபுறமும் மரம் ஒன்றே, மழை ஒன்றே, மரத்தைக் காக்கும் கவலையும் ஒன்றே.

அக்கவலையைப் பற்றியே இங்குப் பேச எண்ணுகிறோம். மேனாட்டுத் தச்சர்கள் நெடுங்காலம் கையாண்ட பூச்சு ஒன்று உண்டு. பாலையும் சுண்ணாம்பையும் கூட்டி, மண்நிறங்களைச் சேர்த்து மரத்தின்மேல் பூசுவது அது. இதற்குத் தமிழில் என்ன பெயர் இடலாம்? சொல் தேடுவதையே தொழிலாகக் கொண்ட நமக்கு முதலில் தோன்றியது ‘பால் வண்ணம்’ என்பதே. ஆனால் நம் மொழியில் பால் வண்ணம் என்றால் வெண்மை நிறம் என்றே பொருள்படும். சிவப்பான பால் வண்ணம் என்று சொன்னால் கேட்போர் நகைப்பர். ஆகவே பாற்பூச்சு என்றே வழங்குவோம்.

பாலில் உள்ள புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசின் எனப்படும். பாலாடைக்கட்டியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. ஒரு லிட்டர் பசுவின் பாலில் ஏறத்தாழ 25 முதல் 30 கிராம் வரை கேசின் இருக்கும். ஆடை நீக்கிய பாலைப் புளிக்க வைத்தாலும், எலுமிச்சைச் சாற்றால் திரித்தாலும் அது கட்டியாகப் பிரிந்து நிற்கும். அக்கட்டி நீரில் கரையாது. அதனைத் துணியில் வடித்துக் கழுவி, நீற்றிய சுண்ணாம்பை இட்டுப் பிசைந்தால், சற்று நேரத்தில் இளகிப் பசையாகின்றது. சுண்ணாம்பின் காரத்தன்மை செய்யும் வேலை அது. பூசிய பின்னர் நீர் ஆவியாகிப் போகும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்லக் கல்லாக மாறும். பின்னர் எளிதில் கரைவதில்லை. பழகிய பூச்சைச் சுரண்டி எடுப்பதும் பெரும்பாடு. நிறத்திற்குக் காவிக்கல், மஞ்சள் மண், விளக்குக்கரி முதலியவை ஏற்றவை. பிரஷ்ய நீலம் போன்றவற்றைச் சுண்ணாம்பு கெடுத்துவிடும். கலந்த பூச்சு நெடுநாள் நில்லாது. அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே செலவிட வேண்டும்.

இதன் பழமை வியப்பூட்டுவது. தென்னாப்பிரிக்காவில் சிபுடு என்னும் குகையில் கிடைத்த கற்சில்லு ஒன்றில் காவிமண்ணும் பாலும் கலந்த பூச்சின் எச்சத்தைக் கண்டதாக 2015ஆம் ஆண்டில் ஆய்வாளர் வெளியிட்டனர். அதன் வயது ஏறத்தாழ 49,000 ஆண்டுகள். அக்காலத்தில் அங்கே ஆடுமாடு வளர்ப்பு இல்லை. வேட்டையில் வீழ்ந்த காட்டு விலங்கின் பாலாகவே அது இருந்திருக்க வேண்டும். பிற்காலத்தில், 12ஆம் நூற்றாண்டைச் சார்ந்த தியோபிலஸ் என்னும் துறவி, பாலாடைக்கட்டியும் சுண்ணாம்பும் கூடிய பசையால் பலகைகளை ஒட்டும் முறையை எழுதிவைத்தார். 1801இல் பிரெஞ்சு நாட்டின் காதே தெ வோ என்பவர் பாற்பூச்சின் செய்முறையை அச்சிட்டு வெளியிட்டார். செலவு குறைவு, எண்ணெய் வண்ணத்தின் நாற்றம் இல்லை என்பன அவர் கண்ட சிறப்புகள். முதல் உலகப் போரில் பறந்த மரவிமானங்களின் பலகைகளை இணைத்ததும் கேசின் பசையே.

இனி நம் எல்லைப் புறத்திற்கு வருவோம். பாலுக்கும் சுண்ணாம்புக்கும் பஞ்சமில்லாத இந்நிலத்தில் பாற்பூச்சு மரத்தின்மேல் ஏறியதா? கேரளத்துச் சுவரோவியர்கள் செங்கல் நிறத்தையும் மஞ்சளையும் வெட்டுக்கல்லிலிருந்து எடுத்தனர். கருமையை எண்ணெய் விளக்கின் புகையிலிருந்து பெற்றனர். வெண்தளத்தின் சுண்ணாம்பை இளநீரில் குழைத்தனர். நிறங்களைப் பிணிக்க வேப்பம்பிசினை நாடினர். அவர்கள் முறையில் பாலுக்கு இடமில்லை. தக்கலையை ஒட்டிய பத்மநாபபுரம் அரண்மனையிலோ இவ்விரண்டின் உறவினர்களைக் காணலாம். தமிழ்நாட்டின் மண்ணில் நின்றும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பது அவ்வரண்மனை. அங்கே முகம் காட்டும் கருந்தரை, சுண்ணாம்பும் சுட்ட சிரட்டைக்கரியும் முட்டையின் வெண்கருவும் கூடியது என்பர். செட்டிநாட்டுச் சுவர்களின் பளபளப்பிற்கும் வெண்கருவே காரணம் சொல்லப்படுகின்றது. வெண்கருவும் கேசினைப் போலப் புரதமே. சுண்ணாம்போடு புரதத்தைக் கூட்டும் அறிவு நம்மவர்க்குப் புதிதன்று. அதனைத் தரைக்கும் சுவருக்கும் கொடுத்தார்கள், மரத்திற்குக் கொடுக்கவில்லை என்றே சொல்லத் தோன்றுகின்றது.

ஏன்? நாம் கருதும் காரணம் மழை. இடவப்பாதியும் துலாவர்ஷமும் மாறிமாறிப் பெய்யும் இந்நிலத்தில் ஈரம் ஓய்வதில்லை. புரதம் பூஞ்சைக்கு விருந்து. சுண்ணாம்பு புதிதாய் இருக்கும்வரை அதன் காரம் பூஞ்சையை அண்டவிடாது. கல்லாக மாறியபின் அக்காவல் இல்லை. தேக்கையும் ஆஞ்ஞிலியையும் பலாவையும் அறிந்த தச்சர் எண்ணெயை நாடியது இதனாற்போலும். போர்த்துக்கீசியரோடு வந்த கொல்லாமரத்தின் கொட்டைத்தோட்டிலிருந்து வடியும் எண்ணெய், உத்திரத்தையும் கழுக்கோலையும் கறையானிடமிருந்து காத்தது. கடற்கரையில் வள்ளங்களுக்குச் சாளைமீன் எண்ணெயும் சேர்ந்தது. கையில் பட்டால் புண்ணாக்கும் எண்ணெய் அது. ஆயினும் அதனைவிட்டால் வேறு வழி இல்லை என்றிருந்தனர்.

பின்னர் டப்பாவில் அடைத்த எனாமல் வந்தது. பளபளப்பும் வந்தது, ஈயமும் உடன் வந்தது. தொட்டிலின் விளிம்பைக் கடிக்கும் குழந்தைக்கு அந்த ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. வீட்டு உபயோக வண்ணங்களில் ஈயம் பத்துலட்சத்தில் 90 பங்கிற்கு மேற்படக் கூடாதென நம் அரசு 2016இல் விதி வகுத்தது. 2017 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர்ப் பூசிய தொட்டில்களும் நடைவண்டிகளும் இன்னும் வீடுகளில் உள்ளன என்பதை மறத்தலாகாது. அவற்றை உப்புத்தாளால் உலரத் தேய்த்தல் தீது. எழும் தூசியே நஞ்சு.

புதிதாகச் செய்யும் பொம்மைக்கும் முக்காலிக்கும், வீட்டின் உள்ளே மழை படாது நிற்கும் அலமாரிக்கும் பாற்பூச்சு தக்கதே. மெழுகும் எண்ணெயும் ஏறாத பச்சை மரமேனி வேண்டும். மெல்லிய இரு பூச்சுப் போதும். காய்ந்தபின் ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவினால் நீர்த்துளி கறை செய்யாது. கலக்கும்போது சுண்ணாம்பு கண்ணில் தெறியாதபடி காக்க வேண்டும். ஆனால் பழைய சிற்ப வேலைப்பாடுடைய கதவுக்கும் தூணுக்கும் இதனைப் பூசலாகாது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஏறிய பூச்சு மீண்டும் இறங்காது.

நெய்யாற்றின்கரைக் கோயிலில் அம்மச்சிப் பிலாவு எனப் போற்றப்படும் பலாமரத்தின் அடிமரம் காக்கப்பட்டு வருகின்றது. பகைவர்க்கு அஞ்சிய மார்த்தாண்ட வர்மர் அதன் பொந்தில் ஒளிந்திருந்தார் என்பது மரபு. அம்மரத்தில் நிறம் ஏதும் இல்லை.