ஆயா பாட்டும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும்

[தொடக்கத்தில் ஒலிக்கும் துணுக்கு: கனமான ரீங்காரம், அதற்கு மேல் ஒரு சினிமாப் பாட்டு, நடுவே அரை நொடிக்கு ஆட்கள் பேசும் சத்தம்.]

இப்போ நீங்க கேட்டது எங்க அப்பா அம்மா கல்யாண கேசட். வருஷம் 1995, ஊர் இரும்பை. திண்டிவனம் – பாண்டிச்சேரி ரோட்டுல திருச்சிற்றம்பலம் கூட்டு ரோட்டுலேர்ந்து உள்ளே போனா, ஆரோவில் பக்கத்துல வரும்.

அந்தக் கல்யாணத்துல நலங்கு வைக்கும்போது எங்க ஆயா பாடினாங்கன்னு அம்மா சொல்லுவாங்க. ஆயா இறந்தப்போ எனக்கு 5 வயசு. அவங்க குரல் எனக்கு ஞாபகம் இல்லை. வேற எந்தப் பதிவும் கிடையாது. அதனால ட்ரங்குப் பெட்டியில கிடந்த இந்த கேசட்தான் கடைசி வாய்ப்பு.

டெக் வந்த கதை

வி.எச்.எஸ். கேசட்டை ஜப்பான்ல ஜே.வி.சி. கம்பெனி 1976ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம்ம நாட்டுல 1982ல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி கலர் டிவி வந்தது. அதுக்கப்புறம்தான் டெக்கும் பரவுச்சு. ஒரு ராத்திரிக்கு டெக்கை வாடகைக்கு எடுத்து, தெருவே உட்கார்ந்து மூணு படம் பார்த்த கதையை உங்க வீட்டுப் பெரியவங்களும் சொல்லியிருப்பாங்க. அப்படியே கல்யாண வீட்டுக்குள்ளயும் வீடியோ லைட் நுழைஞ்சுது.

வீடியோக்காரங்க படத்தை மட்டும் தர மாட்டாங்க. மேல சினிமாப் பாட்டை ஏத்தி, பூ பறக்குற கிராபிக்ஸ் போட்டுத் தருவாங்க. அதுதான் அப்போ ஃபேஷன். எங்க கேசட்லயும் நலங்கு சீன்ல ஆயா வாய் அசையுது, கேட்கிறது சினிமாப் பாட்டு. போதாததுக்கு இந்த ரீங்காரம்.

முதல் சந்தேகம்: கரண்ட்

சாஃப்ட்வேர் ஆள் இல்லையா, முதல்ல பிழையைப் பிரிச்சுப் பார்த்தேன். டேப்பை நிறுத்தினேன். ரீங்காரம் நிக்கலை. அப்போ அந்தச் சத்தம் டேப்ல இல்லை, என் மேஜையில இருக்கு. ரெக்கார்டிங் மென்பொருள்ல அலைவரிசையைப் பார்த்தா 50, 100, 150 ஹெர்ட்ஸ்ல வரிசையா உயர்ந்து நிக்குது. நம்ம வீட்டுக்கு வர்ற மின்சாரம் நொடிக்கு 50 தடவை அலையுது. அமெரிக்காவுல இதே சோதனை பண்ணா 60ல வரும்.

டெக் ஒரு பிளக்குல, லேப்டாப் சார்ஜர் இன்னொரு அறை பிளக்குல இருந்தது. ரெண்டுக்கும் நடுவுல ஆடியோ ஒயர். எர்த் வழியா ஒரு வளையம் உருவாகி அதுல மின்சாரம் சுத்தினா இப்படித்தான் இரையும். சார்ஜரைப் பிடுங்கிட்டு பேட்டரியில ஓட்டினேன். ரீங்காரம் போயிடுச்சு. செலவு பூஜ்ஜியம்.

ரெண்டாவது சந்தேகம்

ஆனா டேப் ஓடும்போது மட்டும் விட்டுவிட்டு ‘ட்ர்ர்ர்’னு ஒரு சத்தம் மிச்சம் இருந்தது. அதுவும் 50 ஹெர்ட்ஸ்! இதுவும் கரண்ட்தான்னு நினைச்சு, நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு அழிக்கப் போனேன். அங்கேதான் பெரிய தப்பு பண்ணியிருப்பேன்.

டெக்குக்குள்ள ஒரு உருளை நொடிக்கு 25 தடவை சுத்தும். அதுல படத்தை வாசிக்கிற ரெண்டு ஹெட் மாறி மாறி டேப்பைத் தொடும். ஆக நொடிக்கு 50 மாற்றம். கரண்டும் 50, ஹெட்டும் 50. காதுக்குக் கிட்டத்தட்ட ஒண்ணுதான். வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு: டெக்கோட டிராக்கிங் பட்டனைத் திருகணும். கரண்ட் சத்தம் அசையாது. ஹெட் சத்தம் மாறும்.

திருகினேன். மாறுச்சு. ‘ட்ர்ர்ர்’ குறையுற ஒவ்வொரு நொடியும் சினிமாப் பாட்டு காணாமப் போய், பந்தல் சத்தம் கேட்டுச்சு!

காரணம் இதுதான். வி.எச்.எஸ்.ல ஒலிக்கு ரெண்டு இடம். ஒண்ணு, டேப்போட ஓரத்துல ஓடுற ஒல்லியான கோடு. அதுல டேப் நொடிக்கு 2.34 செ.மீ. வேகத்துலதான் நகரும், சாதாரண பாட்டு கேசட்டோட வேகத்துல பாதி. இன்னொண்ணு, 1980கள் நடுவுல வந்த ஹை-ஃபை. அது சுத்துற ஹெட் வழியா, படத்துக்கு அடியிலயே ஆழமாப் பதியும். ஓரக் கோட்டை மட்டும் அழிச்சு வேற பாட்டு ஏத்தலாம். ஹை-ஃபையை அழிக்கணும்னா படத்தையும் அழிக்கணும்.

வீடியோக்காரர் ஹை-ஃபை டெக்குல எடிட் பண்ணிட்டு, ஓரக் கோட்டுல மட்டும் பாட்டு ஏத்தியிருக்கணும். அடியில அசல் சத்தம் 30 வருஷமா அப்படியே இருந்திருக்கு. என் டெக்கால அதைப் பிடிக்க முடியாதப்போ தானா ஓரக் கோட்டுக்குத் தாவுச்சு. நான் அழிக்க நினைச்ச ‘ட்ர்ர்ர்’, அந்த அசல் சத்தம் வெளியே வரத் திணறுற சத்தம்.

அப்புறம் டெக்கை ஆஃப் பண்ணி, ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட தாளால துடைச்சேன். காது குடையுற பஞ்சுக்குச்சி வேண்டவே வேண்டாம், நூல் சிக்கி ஹெட் உடையும். டிராக்கிங்கை மயிரிழை மயிரிழையா நகர்த்தினேன். 11 நொடி சுத்தமா வந்தது. கொஞ்சம் கரகர குரல். நலங்குப் பாட்டு. அம்மா கேட்டுட்டு ஒண்ணுமே பேசலை. திரும்பப் போடச் சொன்னாங்க.

இப்பவே ஏன்?

இரும்பை சம்பந்தர் பாடிய ஊர். தேவார ஓலைகளை சிதம்பரத்துல ஒரு அறையில கண்டெடுத்தப்போ செல் அரிச்சது போக மிஞ்சினதுதான் நமக்குக் கிடைச்சதுன்னு மரபு சொல்லுது. ஓலைக்குச் செல்லு, கேசட்டுக்குப் பூஞ்சை. ஆனா ஓலையைக் கண்ணால படிக்கலாம். கேசட்டுக்கு டெக் வேணும். உலகத்துல கடைசியா வி.எச்.எஸ். டெக் தயாரிச்ச ஜப்பானோட ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையோட நிறுத்திடுச்சு. யுனெஸ்கோவும் ஒலி-ஒளி ஆவணக் காப்பகங்களோட சர்வதேச சங்கமும் 2019ல் சேர்ந்து காந்த நாடாக்களுக்காக எச்சரிக்கை மணி அடிச்சாங்க. இனி இருக்கிறதெல்லாம் பழைய டெக்தான்.

உங்க வீட்டுப் பரண்லயும் ஒரு கேசட் இருக்கும். வெள்ளைப் பூஞ்சை தெரிஞ்சா டெக்குல போடாதீங்க, முதல்ல சுத்தம் பண்ணணும். டெக்குல ஹை-ஃபை, நார்மல்னு ஸ்விட்ச் இருந்தா ரெண்டையும் தனித்தனியாப் பதிவு பண்ணுங்க. இரைச்சலோட இருக்கிற முதல் ஃபைலை எப்பவும் அழிக்காதீங்க. வடிகட்டுறதெல்லாம் காப்பியில வச்சுக்கலாம்.

அந்த 11 நொடியை நான் இங்கே போடலை. அது எங்க வீட்டோட இருக்கட்டும். உங்க கேசட்ல என்ன கிடைச்சுதுன்னு சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.