மென்மையே பெயரான கருவி

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் எந்த வீட்டுப் பிள்ளையைக் கேட்டாலும் ‘பியானோ கிளாஸ் போகிறேன்’ என்றுதான் சொல்லும். மலாய்க்காரர் வீட்டிலும் பியானோ, தமிழர் வீட்டிலும் பியானோ. சீன மொழிக்கு இதற்கெனத் தனிப் பெயர் இருந்தாலும், பல மொழி புழங்கும் பினாங்கில் சீனர் வீட்டுப் பேச்சிலும் இந்தச் சொல் தாராளமாகப் புழங்குகிறது. இது இத்தாலிய மொழியில் பிறந்த சொல். அங்கே இதற்கு ‘மெல்ல’, ‘மென்மையாக’ என்று பொருள்.

இங்கேதான் ஐயம் எழுகிறது. பெரிய கச்சேரிப் பியானோவில் 88 கட்டைகள் உண்டு. அதன் கம்பிகள் எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை 18 முதல் 20 டன் வரை வரும். அந்த இழுவையைத் தாங்க உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம் வேண்டியிருக்கிறது. முழு வாத்தியக் குழுவோடு தனியாக நின்று ஈடுகொடுக்கும் ஓசை அதற்கு உண்டு. இத்தனை வலிய கருவிக்கு ‘மெல்ல’ என்று யார் பெயர் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள்?

விடை இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் இருக்கிறது. பார்த்தொலொமேயோ கிறிஸ்தோஃபோரி 1655இல் பாதுவாவில் பிறந்த கருவிச் செய்நர். 1688இல் மெடிச்சி அரச குடும்பத்து ஃபெர்தினாந்தோவிடம் வேலைக்குச் சேர்ந்தார். அரண்மனைக் கருவிகளைச் செப்பனிடுவதும் புதியன செய்வதும் அவர் பணி. அக்காலத்தில் கட்டைவரிசை கொண்ட கருவிகளில் தலைமை பெற்றிருந்தது ஹார்ப்சிகார்ட். அதில் கட்டையை அழுத்தினால் சிறு இறகுத் தண்டு ஒன்று மேலெழுந்து கம்பியைச் சுண்டும். தமிழில் சொன்னால் அது மீட்டும் கருவி. ஆனால் வீணையை மீட்டுபவருக்கு விரலின் அழுத்தம் தன் கையில் இருக்கிறது. ஹார்ப்சிகார்டில் அது இல்லை. மெல்லத் தொட்டாலும் ஓங்கி அழுத்தினாலும் ஓசையின் அளவு ஏறக்குறைய ஒன்றே.

கிறிஸ்தோஃபோரி இறகை எடுத்துவிட்டுச் சுத்தியலை வைத்தார். தோல் போர்த்திய சிறு சுத்தியல் கம்பியை அடித்த கணமே விலகிக்கொள்ளும். கம்பி தடையின்றி அதிரும். கட்டை எத்தனை வேகமாக இறங்குகிறதோ அதற்கேற்ற வேகத்தில் சுத்தியல் பாயும். விரலின் வேகம் ஓசையின் அளவாக மாறியது. நரம்புக்கருவி ஒன்று தோற்கருவியைப் போல அடிபட்டு ஒலிக்கத் தொடங்கியது.

1700இல் எழுதப்பட்ட மெடிச்சி அரண்மனைக் கருவிப் பட்டியலில் இந்தப் புதுக்கருவி இடம்பெறுகிறது. அப்போது அதற்குத் தனிப் பெயர் இல்லை. மெல்லவும் வலிந்தும் ஒலிக்கக்கூடியது என்ற விளக்கமே அதற்கு அடையாளம். 1711இல் சிப்பியோனே மாஃபே என்ற அறிஞர் இக்கருவியைப் பற்றிக் கட்டுரை எழுதியபோதும் ‘பியானோ’, ‘ஃபோர்த்தே’ என்ற இரு சொற்களையும் சேர்த்தே வழங்கினார். பியானோ என்றால் மெல்ல. ஃபோர்த்தே என்றால் வலிந்து. நாளடைவில் விளக்கமே பெயராக இறுகிப் ‘பியானோஃபோர்த்தே’ ஆயிற்று.

தமிழருக்கு இந்தப் பெயர் எளிதில் விளங்கும். எழுத்துகளையே வல்லினம், மெல்லினம் என்று ஓசையின் திறம் பார்த்து வகுத்த மொழி நம்முடையது. பியானோஃபோர்த்தே என்பது மெல்லோசையும் வல்லோசையும் ஒருங்கே உடையது என்று பொருள்படும் ஒரு தொடர். நெடும்பெயரைச் சுருக்குவது எல்லா மொழியின் பழக்கம். ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பின்பாதியை வெட்டிவிட்டுப் பியானோ என்றார்கள். ரஷ்யர் முறையை மாற்றி ‘ஃபோர்த்தெபியானோ’ என்று இன்றும் முழுப் பெயரை வழங்குகிறார்கள். இத்தாலியரும் முழுப் பெயரைக் கைவிடவில்லை. காரணம் உண்டு. அவர்கள் மொழியில் பியானோ என்றால் மாடி, திட்டம், சமதளம் என்றும் பொருள்படும். எல்லாவற்றுக்கும் மூலம் ‘தட்டையான, சமமான’ என்று பொருள்தரும் ‘பிளானுஸ்’ என்ற லத்தீன் சொல். மேடுபள்ளமற்றது வழவழப்பானது, வழவழப்பானது உறுத்தாதது, உறுத்தாத ஓசை மெல்லோசை. பொருள் நகர்ந்த தடம் இதுவே. ஒலி ஒப்புமையைக் கொண்டு நம் ‘பண்’ணோடு இதை முடிச்சுப் போட ஆசை எழலாம். அதற்கு இடமே இல்லை. ‘பிளானுஸ்’ என்பதில் உள்ள லகரம் இத்தாலிய மொழியில் இகரமாக மாறியதால்தான் இந்தச் சொல்லே உருவாயிற்று. பண்ணுக்கு அப்படியொரு வரலாறு கிடையாது.

நன்னூல் படித்தவர்கள் பியானோ என்ற பெயரை உடனே வகைப்படுத்திவிடுவார்கள். மஞ்சள் பூசினாள் என்னும்போது நிறத்தின் பெயர் பொருளுக்கு ஆகிவருகிறது, அது பண்பாகுபெயர். மெல்ல என்ற பண்பின் பெயர் கருவிக்கு ஆகிவந்ததால் பியானோவும் பண்பாகுபெயரே.

இதே கருவிக்கு ஜெர்மானியர் வைத்த பெயர் ‘கிளாவியர்’. திறவுகோலைக் குறிக்கும் ‘கிளாவிஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. இடைக்கால ஐரோப்பியர் சுர எழுத்துகளைத் திறவுகோல் என்று அழைத்தனர். பின்பு அச்சுரத்தை எழுப்பும் கட்டைக்கும் அதுவே பெயராயிற்று. கட்டையின் பெயர் முழுக்கருவிக்கும் ஆகிவருவது சினையாகுபெயர். தலைக்கு ஒரு பழம் கொடு என்கிறோமே, அந்த வகை. இந்தக் கிளாவிஸ் நமக்கும் புதியதன்று. போர்த்துகீசியர் வாயில் அது ‘ஷாவி’ எனத் திரிந்து கப்பலேறித் தமிழகக் கரைக்கு வந்தது. நம் வீட்டுச் சாவியும் வியன்னா நகரத்துக் கிளாவியரும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். மேசையும் அலமாரியும் ஜன்னலும் அதே போர்த்துகீசியரிடம் நாம் பெற்றவை. மலாய்க்காரர் அவற்றையே மேஜா, அல்மாரி, ஜெண்டேலா என்கிறார்கள். திறவுகோலுக்கு மட்டும் அவர்கள் வடமொழி வழி வந்த ‘குஞ்சி’யை வைத்துக்கொண்டார்கள். பியானோக் கட்டைக்கு மலாயில் ‘கெகுஞ்சி’ என்று பெயர். அங்கும் திறவுகோலே கட்டையாயிற்று.

சீனர் வேறு வழி போனார்கள். ‘காங் சின்’ என்பது மாண்டரின் பெயர். காங் என்றால் எஃகு. சின் என்பது அவர்களுடைய பழந்தந்தி வாத்தியம். எஃகு யாழ் என்று நாம் விரித்துக்கொள்ளலாம். ஐரோப்பியர் ஓசையையும் உறுப்பையும் பார்த்துப் பெயரிட்டார்கள். சீனர் கம்பியின் உலோகத்தைப் பார்த்தார்கள்.

தமிழர் என்ன செய்தோம்? கருவிக்கு வந்த பெயரையே வைத்துக்கொண்டோம். அதன் உறுப்புக்கு மட்டும் நம் சொல்லைக் கொடுத்தோம். அந்தச் சொல் ‘கட்டை’. ஆர்மோனியம் நாடகக் கொட்டகைகளில் குடியேறிய நாளிலிருந்து நம் பாடகர்கள் சுருதியையே கட்டையால் அளக்கிறார்கள். முதல் வெள்ளைக் கட்டை ஒரு கட்டைச் சுருதி. அதற்கும் அடுத்ததற்கும் நடுவில் உள்ள கறுப்பு ஒன்றரைக் கட்டை. மூன்றாம் வெள்ளைக்கும் நான்காம் வெள்ளைக்கும் இடையே கறுப்பு இல்லாததால் மூன்றரைக் கட்டை என்ற சுருதியே கிடையாது. கர்நாடக சங்கீத மேடையில் இன்றும் ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை என்றுதான் பேசுகிறார்கள். மேலைக் கருவியின் கட்டைவரிசை தமிழரின் குரலுக்கு அளவுகோலாகிவிட்டது.

இந்தப் பெயர்களில் சிலவற்றின் வழியாக நடந்து போனவர் பினாங்கில் ஒருவர் உண்டு. அவர் பியானோ கலைஞர் டென்னிஸ் லீ. 1946இல் பினாங்கில் பிறந்தவர். அவருடைய பிள்ளைப் பருவம் மேலை இசைக்கல்வி மலாயாவில் முறையாக வேரூன்றிய காலம். 1889இல் லண்டனில் தொடங்கிய இசைத் தேர்வு வாரியம் 1948 முதல் இங்கும் தேர்வு நடத்தியது. கிரேடு ஒன்று முதல் எட்டு வரை ஏறும் அந்தப் படிக்கட்டு இன்றைக்கும் பினாங்குப் பிள்ளைகளுக்கு அத்துப்படி. அந்தப் பிள்ளைகள் பாடத்தாளில் முதலில் கற்கும் குறிகளில் இரண்டு, பியானோ என்பதைச் சுட்டும் எழுத்தும் ஃபோர்த்தே என்பதைச் சுட்டும் எழுத்தும். கருவியின் பெயர் பிளந்து, மெல்ல வாசி, வலிந்து வாசி என்ற கட்டளைகளாக ஒவ்வொரு தாளிலும் நிற்கிறது.

டென்னிஸ் லீ லண்டன் சென்று ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் ஆங்கஸ் மாரிசனிடம் பயின்றார். பிறகு வியன்னாவில் யோசெஃப் டிக்லரிடமும் மிலானில் இலோன்கா டெக்கர்ஸிடமும் பாடம் கேட்டார். பெயரின் வரலாற்றை அறிந்தவருக்கு இந்த வழித்தடம் வியப்பூட்டும். அவர் விட்டுச்சென்ற பினாங்கிலும் சேர்ந்த லண்டனிலும் அது பியானோ, வியன்னாவில் கிளாவியர், மிலானில் பியானோஃபோர்த்தே. சொல் இத்தாலியில் புறப்பட்டு ஆங்கிலத்தில் குறைந்து மலாயாவுக்கு வந்தது. அவர் எதிர்த்திசையில் நடந்து, அதன் முழுப் பெயர் வழங்கும் நாட்டிலேயே அந்தக் கலையைப் பயின்றார். அனைத்துலகப் பியானோப் போட்டிகளில் பரிசு பெற்றார். தம் துணைவியாரும் பியானோ கலைஞருமான தோ சீ ஹங்குடன் இணைந்து இருவர் வாசிக்கும் கச்சேரிகளும் செய்தார்.

பியானோ கலைஞரின் தனிக்கச்சேரியை மேலைநாட்டில் ‘ரெசைட்டல்’ என்பார்கள். சொல்லின் நேர்ப்பொருள், எடுத்துரைப்பது. 1840இல் லண்டனில் ஃபிரான்ஸ் லிஸ்ட் வாசித்தபோதுதான் பியானோக் கச்சேரிக்கு இந்தச் சொல் வந்தது. வாத்தியத்தில் எப்படி எடுத்துரைக்க முடியும் என்று அங்கே பலர் திகைத்தார்கள். தமிழனுக்கு அந்தத் திகைப்பு வந்திருக்காது. புத்தகத்தையும் வாசிக்கிறோம், வீணையையும் நாகசுரத்தையும் வாசிக்கிறோம். இரண்டுக்கும் நமக்கு ஒரே வினை. கச்சேரி என்பதும் முதலில் நீதிமன்றத்தையும் அலுவலகத்தையும் குறித்து, பின்பு பலர் கூடி இசை கேட்கும் இடத்துக்கு ஆகிவந்த சொல்தான்.

டென்னிஸ் லீ ஹைபீரியன் நிறுவனத்துக்காகப் பதிவுசெய்த போலந்து இசைஞர் கரோல் ஷிமனோவ்ஸ்கியின் பியானோ இசைத்தட்டு அவருடைய பெயரை உலகெங்கும் கொண்டுசென்றது. 1915இல் இயற்றிய ‘மெத்தோப்புகள்’ என்ற மூன்று உருப்படிகளும் அதையடுத்து எழுதிய ‘முகமூடிகள்’ என்ற மூன்றும் அதில் உண்டு. மெத்தோப்புகளின் முதல் உருப்படி கிரேக்கப் புராணத்தின் மாயக் குரலணங்குகள் வாழும் தீவைப் பற்றியது. இந்த இசையில் வல்லோசைக்குக் குறைவில்லை. ஆனால் அதன் உயிர் மெல்லோசையின் நுண்ணிய படிகளில் இருக்கிறது. ஓங்கி அடிப்பது உடல் வலிமை உள்ள எவருக்கும் கைகூடும். அரங்கின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி மெல்ல வாசிப்பதுதான் ஆண்டுக்கணக்கில் விரலைப் பழக்கிப் பெறும் செல்வம். சுத்தியல் கம்பியை எட்டும் அளவுக்கு விசை வேண்டும். ஒரு துளி மிகுந்தாலும் மென்மை கெடும். மூன்று நூற்றாண்டுக்கு முன் அரண்மனைப் பட்டியல் எழுதியவர் இந்தக் கருவியில் கண்ட அதிசயம் இதுதான். பின்பாதியை இழந்த பெயர் தன் உயிர்ப்பாதியைத் தக்கவைத்துக்கொண்டது.

கடல் சூழ்ந்த பினாங்கில் இந்த மென்மையைக் காப்பது எளிதன்று. ஈரக்காற்றில் மரம் ஊதும், கம்பி துருப்பிடிக்கும், தோலுக்குப் பதிலாக இன்று சுத்தியலைப் போர்த்தும் கம்பளி கனத்துப்போகும். பியானோவுக்குள் சூடேற்றும் தண்டையோ சிறு பல்பையோ எரியவிட்டு ஈரத்தை விரட்டுவது இந்த நாட்டு வழக்கம். கம்பளி கெட்டால் முதலில் போவது மெல்லோசைதான். கருவியின் பெயருக்கேற்ற குணத்தைக் காப்பாற்ற இங்குள்ளவர்கள் அன்றாடம் பாடுபடுகிறார்கள்.

இனி நம் வழக்குக்கு வருவோம். இத்தாலியர் ஈரசையில் உச்சரிக்கும் சொல்லை நாம் ‘பி-யா-னோ’ என்று மூன்று எழுத்தாக நிறுத்தி ஒலிக்கிறோம். இகரத்துக்கும் ஆகாரத்துக்கும் இடையே யகரத்தை உடம்படுமெய்யாக நுழைத்தது தமிழின் சொந்த இலக்கணம். சொல்லுக்கு நம் மொழியில் குடியுரிமை அப்போதே கிடைத்துவிட்டது. ஆயினும் இதற்குத் தூய தமிழ்ப் பெயர் வேண்டும் என்று விரும்புவோர் உண்டு. அவர்களுடைய மொழிப்பற்றை மதிக்கிறேன். ஆனால் புதுப்பெயர் ஆக்குவோர் பெரும்பாலும் பெட்டி, கம்பி, யாழ் என்று வடிவத்தையோ பொருளையோதான் பற்றுவார்கள். பெட்டி என்றால் ஆர்மோனியமும் சுருதிப்பெட்டியும் முந்திக்கொள்ளும். கம்பி என்றால் ஹார்ப்சிகார்டுக்கும் கம்பி உண்டு. இக்கருவியை அவற்றிலிருந்து பிரித்துக்காட்டுவது, விரலுக்கு அடங்கி ஒலிக்கும் மென்மை. அதைப் பெயரிலேயே சுமந்துவரும் சொல்லைத் தள்ளிவிட்டு வேறொன்றைத் தேடுவது இழப்பு.

ஆகவே என் முடிவு இது: சாவியைப் போல, மேசையைப் போல, பியானோவும் தமிழ்ச்சொல்லாகவே நிலைக்கட்டும்; கட்டை என்ற நம் சொல் அதன் உறுப்புக்குத் தொடரட்டும். பினாங்கிலும் பிற ஊர்களிலும் பியானோ கற்கும் தமிழ்ப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை முதல் பாடத்துக்கு உட்காரும்போது இந்தப் பெயரின் பொருளைச் சொல்லிக்கொடுங்கள். டென்னிஸ் லீயின் இசைத்தட்டைத் தேடிக் கேட்கச் செய்யுங்கள். மெல்ல வாசிக்கக் கற்றவரே இக்கருவியை வாசிக்கக் கற்றவர்.