தமிழகச் சிற்றூர்களில் காணொளித் தொகுப்புக் கணினி: செயலித் தேர்வின் வரலாறு

திண்டுக்கல்லுக்கு மேற்கே மலையடிவாரத்தில் அமைந்த பேரூராட்சி கன்னிவாடி. இத்தகைய சிற்றூர்களில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா ஆகியவற்றைப் படம்பிடித்துத் தொகுத்துக் கொடுப்பது ஓரிருவர் சேர்ந்து நடத்தும் சிறுதொழில். அதன் முதலீட்டில் கேமராவுக்கு அடுத்த பெரும்பங்கு கணினிக்குப் போகிறது. பெரும்பாலும் அதே கணினியில்தான் வீட்டுப் பிள்ளைகள் விளையாடவும் செய்கிறார்கள். எனவே குறைந்த விலையில் இரண்டு வேலைக்கும் பொருந்தும் செயலியைத் தேடுவது பல ஆண்டுகளாக நடந்துவருகிறது.

செயலி என்பது கணினியின் கணக்குகளைச் செய்யும் சில்லு. அதன் வேகத்தைக் கடைகளில் ஓர் எண்ணால் சொல்வது வழக்கம். முதலில் மெகாஹெர்ட்ஸ், பிறகு கிகாஹெர்ட்ஸ், அதன் பிறகு கோர்களின் எண்ணிக்கை என அந்த எண் மாறிவந்தது. ஆனால் தொகுப்புக் கணினியின் வரலாற்றைப் பார்த்தால், எந்தச் செயலி போதும் என்பதை ஒவ்வொரு காலத்திலும் தீர்மானித்தது கேமரா பதிவு செய்த கோப்பின் வடிவமே. கேமரா மாறியபோதெல்லாம் பழைய கணிப்பு பொய்த்தது.

கணினிக்கு முந்தைய தொகுப்பு

1980களிலும் 1990களிலும் கல்யாண வீடியோ இரண்டு வி.சி.ஆர். கருவிகளையும் ஒரு மிக்சரையும் கொண்டு தொகுக்கப்பட்டது. ஒன்றில் ஓடும் காட்சி மற்றொன்றில் பதிவாகும். நடுவில் ஒரு காட்சியை நீக்க வேண்டுமானால், அங்கிருந்து எல்லாவற்றையும் மீண்டும் பதிய வேண்டும்.

அமெரிக்காவில் 1989-ல் வெளிவந்த அவிட் இந்த நிலையை மாற்றியது. ஆப்பிள் மெக்கின்டாஷ் கணினியில் இயங்கிய அது, காட்சிகளை வட்டில் சேமித்து விரும்பிய வரிசையில் அடுக்க உதவியது. தமிழ்த் திரையுலகில் கமல்ஹாசன் நடித்த மகாநதி (1994) வழியாக அவிட் அறிமுகமானது. அன்று அதன் விலை திரைப்பட நிறுவனங்களுக்கே கட்டுப்படியாகும் அளவில் இருந்தது. சிற்றூர் ஸ்டுடியோவுக்கு அது எட்டவில்லை.

மினிடிவி கேசட்டும் கார்டும்

1995-ல் டிவி எனப்படும் எண்முறை ஒளிப்பதிவு வடிவம் வந்தது. அதன் சிறு கேசட்டான மினிடிவி, ஃபயர்வயர் கம்பி வழியாக நேரடியாகக் கணினியில் ஏறியது. ஒரு மணி நேரப் பதிவு ஏறக்குறைய 13 ஜிபி இடத்தை எடுத்துக்கொண்டது. அன்றைய கணினிகளில் நான்கு முதல் எட்டு ஜிபி வட்டுகளே பரவலாக இருந்ததால், முதல் தடை செயலியில் இல்லை, வட்டில்தான் இருந்தது.

இவ்வடிவம் ஒவ்வொரு சட்டகத்தையும் தனித்தனியாகச் சுருக்கியது. ஒரு சட்டகத்தைக் காட்ட அக்கம்பக்கச் சட்டகங்களைக் கணக்கிட வேண்டியதில்லை. அதனால் காட்சிகளை வெட்டி ஒட்டும் வேலையைச் சாதாரணச் செயலியும் சமாளித்தது. கரைந்து மாறும் காட்சிகள், எழுத்தோட்டம் போன்ற வேலைகளுக்கு மட்டும் மேட்ராக்ஸ், பினாக்கிள், கனோப்பஸ் நிறுவனங்களின் தனிக் கார்டுகள் துணைநின்றன. பணம் செயலியைவிடக் கார்டுக்கே அதிகம் போனது.

1998-ன் மலிவுச் செயலிகள்

மலிவான செயலியும் நல்ல செயலியாக இருக்க முடியும் என்பதை முதலில் காட்டியவர்கள் கணினி விளையாட்டு ஆர்வலர்கள். இன்டெல் 1998 ஏப்ரலில் செலரான் என்ற பெயரில் விலை குறைந்த செயலியை வெளியிட்டது. அதில் இரண்டாம் நிலை கேச் இல்லை. கேச் என்பது செயலி அடிக்கடி தேடும் தரவை அருகிலேயே வைத்திருக்கும் சிறு நினைவகம். அது இல்லாததால் செலரான் தடுமாறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த செலரான் 300ஏ, சில்லுக்குள்ளேயே 128 கேபி கேச் கொண்டிருந்தது. 300 மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்கென விற்கப்பட்ட அதைப் பலர் 450-க்கு உயர்த்தி ஓட்டினர். விளையாட்டுகளில் அது பலமடங்கு விலையுள்ள பென்டியம் 2-க்கு ஈடுகொடுத்தது. ஏஎம்டி நிறுவனமும் அதே ஆண்டு கே6-2 செயலியில் முப்பரிமாணக் கணக்குகளுக்கான தனி ஆணைகளைச் சேர்த்தது.

விளையாட்டுக்குத் தேவை ஒரு கோரின் வேகமும் கேச்சும் என்ற பாடம் இங்கே கிடைத்தது. அது இன்றும் பெருமளவு பொருந்துகிறது.

கிகாஹெர்ட்சிலிருந்து கோர்களுக்கு

2000 நவம்பரில் வந்த பென்டியம் 4 வேக எண்ணை மட்டும் உயர்த்தும் போட்டியைத் தொடங்கியது. வெப்பமும் மின்செலவும் கூடியதால் அந்தப் போட்டி சில ஆண்டுகளில் முட்டுச்சந்தில் நின்றது. 2005-ல் இன்டெல், ஏஎம்டி இரண்டும் மேசைக் கணினிகளுக்கு இரண்டு கோர் கொண்ட செயலிகளைக் கொண்டுவந்தன. 2006-ல் வந்த கோர் 2 டுவோ, குறைந்த கிகாஹெர்ட்சிலேயே பென்டியம் 4-ஐ முந்தியது. விளம்பர எண்ணை மட்டும் பார்த்து வாங்கியவர்களுக்கு அது ஒரு பாடம்.

அதே காலத்தில் கேமராவும் மாறியது. 2003-ல் அறிவிக்கப்பட்ட எச்டிவி, 2006-ல் வந்த ஏவிசிஎச்டி ஆகிய வடிவங்கள் பல சட்டகங்களை ஒரு தொகுதியாகச் சேர்த்துச் சுருக்கின. ஒரு சட்டகத்தைக் காட்ட முன்பின் உள்ளவற்றையும் கணக்கிட வேண்டியதாயிற்று. 2008-ல் கேனன் 5டி மார்க் 2 முழு எச்டி காணொளியை எச்.264 வடிவில் பதிந்தபோது, புகைப்படக் கேமராவே வீடியோ கேமராவானது. மினிடிவி கோப்புகளை எளிதாக ஓட்டிய கணினிகள் புதிய கோப்புகளில் திக்கித் திணறின. கோப்பின் அளவு சிறியது, ஆனால் அதை விரிக்கும் வேலை பெரியது.

கன்னிவாடி வட்டாரத்தில் கணினி

கன்னிவாடிப் பகுதிக்குக் கணினி ஸ்டுடியோ வழியாக மட்டும் வரவில்லை. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரிக் கிராமங்களில் தொடங்கிய அறிவு மையங்கள் பின்னர் இவ்வட்டாரத்துக்கும் விரிந்தன. உழவர்கள் விலை நிலவரமும் பயிர்த் தகவலும் அங்கே பெற்றனர். 2004 அக்டோபர் 18 அன்று இஸ்ரோவுடன் இணைந்து செயற்கைக்கோள் வழி இயங்கும் கிராம வள மையங்கள் தொடங்கப்பட்டன. முதலில் தேர்வான தமிழக ஊர்களில் ஒன்று, கன்னிவாடிக்கு அருகிலுள்ள செம்பட்டி. காணொளி வழியாக வல்லுநருடன் பேசுவதை இப்பகுதி மக்கள் அப்போதே கண்டனர்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த மடிக்கணினிகள் லட்சக்கணக்கான மாணவர்களுக்குச் சென்றன. பல வீடுகளில் அதுவே முதல் கணினி. அது பாடத்துக்கான கருவி, கனமான தொகுப்புக்கானதன்று. ஆனால் காட்சியை வெட்டவும் பாட்டைச் சேர்க்கவும் கற்றுக்கொள்ள அது போதுமானதாக இருந்தது.

மின்வெட்டும் வாட்டும்

2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னைக்கு வெளியே தமிழகம் நீண்ட மின்வெட்டைச் சந்தித்தது. தொகுத்த படத்தை இறுதிக் கோப்பாக மாற்றும் ரெண்டர் வேலை பல மணி நேரம் ஓடும். நடுவில் மின்சாரம் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சிறிய யுபிஎஸ் சில நிமிடங்களே தாங்கும்.

இதனால் செயலியின் மின்செலவும் ஒரு கணக்காயிற்று. 2012 அக்டோபரில் வந்த ஏஎம்டி எஃப்எக்ஸ்-8350 எட்டு கோர் கொண்டது, விலையும் குறைவு. ஆனால் அது 125 வாட் வகை. உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லாததால் தனிக் கார்டும் தேவை. அதே ஆண்டின் இன்டெல் ஐ5-3470 நான்கே கோர் கொண்டது, 77 வாட் வகை, கிராபிக்ஸும் உள்ளேயே இருந்தது. கோர் எண்ணிக்கை ஒன்றை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியாது.

குயிக் சிங்க்

2011 ஜனவரியில் வந்த இன்டெலின் இரண்டாம் தலைமுறைக் கோர் செயலிகளில் குயிக் சிங்க் என்ற பகுதி சேர்க்கப்பட்டது. எச்.264 போன்ற கோப்புகளை விரிக்கவும் சுருக்கவும் மட்டுமே அமைந்த தனிச் சுற்று இது. உள்ளமைந்த கிராபிக்ஸின் ஒரு பகுதியாக இருந்ததால் பலர் இதைக் கவனிக்கவில்லை. கிராபிக்ஸ் கார்டு போட்டவர்கள் உள்ளமைந்த கிராபிக்ஸ் வீண் என்றே எண்ணினர். 2018-ல் அடோபி பிரீமியர் புரோ இந்த வசதியைப் பயன்படுத்தத் தொடங்கியபோதுதான் அதன் மதிப்பு சிறு ஸ்டுடியோக்களுக்குத் தெரிந்தது. என்விடியா, ஏஎம்டி கார்டுகளில் உள்ள இதையொத்த வசதிகளுக்கு அம்மென்பொருள் 2020-ல் ஆதரவளித்தது.

ரைசன் வந்த பிறகு

2017 ஏப்ரலில் ஏஎம்டி வெளியிட்ட ரைசன் 5 1600 ஆறு கோரும் பன்னிரண்டு இழைகளும் கொண்டிருந்தது. அதற்கு இணையான விலையில் இன்டெலிடம் அன்று கிடைத்தவை நான்கு கோர், நான்கு இழை. ரெண்டர் நேரம் கணிசமாகக் குறைந்தது. அவ்வாண்டு இறுதியில் இன்டெலும் ஐ3 வரிசையை நான்கு கோராக உயர்த்தியது.

ரைசனின் ஏஎம்4 பலகை வேறொரு வகையிலும் உதவியது. 2017-ல் வாங்கிய பல பலகைகளில் பின்னர் 5000 வரிசைச் செயலியையும் பொருத்த முடிந்தது. சிறிது சிறிதாகச் செலவழிப்பவருக்கு இது பெரிய சேமிப்பு.

2018 பிப்ரவரியில் வந்த ரைசன் 3 2200ஜி, ஓரளவு விளையாடத்தக்க கிராபிக்ஸைச் செயலிக்குள்ளேயே தந்தது. கிரிப்டோ நாணயத் தேவையாலும் சில்லுத் தட்டுப்பாட்டாலும் கிராபிக்ஸ் கார்டுகளின் விலை எகிறிய 2021-ல், ரைசன் 5 5600ஜி அவ்வகையில் பலருக்குக் கைகொடுத்தது. ஆனால் பின்னர் தனிக் கார்டு வாங்கி விளையாட நினைத்தவருக்கு அதில் ஒரு குறை இருந்தது. அதன் மூன்றாம் நிலை கேச் 16 எம்பி. உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லாத 5600-இல் அது 32 எம்பி. 1998-ன் கேச் பாடம் இங்கே திரும்பியது.

எஃப் என்ற எழுத்து

இதே ஆண்டுகளில் ஊர்ப்புறக் காணொளி கல்யாண ஆல்பத்தைத் தாண்டியது. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்திலிருந்து 2018-ல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021-ல் யூடியூபில் ஒரு கோடி சந்தாதாரர்களைப் பெற்றது.

கேமரா மீண்டும் மாறியது. 2020 முதல் சோனி, கேனன் கேமராக்கள் 4கே காட்சியை நிறத்தகவல் மிகுந்த 4:2:2 பத்து பிட் எச்இவிசி வடிவில் பதிந்தன. மேசைக் கணினிகளில் 2021-ல் வந்த இன்டெலின் 11-ம் தலைமுறையில், உள்ளமைந்த கிராபிக்ஸ் இவ்வடிவத்தை நேரடியாக விரித்தது. என்விடியாவின் கார்டுகளில் இந்த வசதி 2025-ல் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது.

2022-ல் வந்த ஐ3-12100, ஐ5-12400 ஆகியவை எஃப் என்ற எழுத்துடன் சற்று மலிவாகவும் கிடைத்தன. எஃப் என்றால் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை, எனவே குயிக் சிங்கும் இல்லை என்று பொருள். தனிக் கார்டுடன் விளையாடுபவருக்கு எஃப் வகை சரியான சிக்கனம். எச்இவிசி கோப்புகளைத் தொகுப்பவருக்கோ மிச்சமான சில நூறு அல்லது ஆயிரம் ரூபாய், ஒவ்வொரு கல்யாண வேலையிலும் நேர இழப்பாகத் திரும்பிவந்தது. விளையாட்டும் தொகுப்பும் வெவ்வேறு பாதையில் பிரிந்த இடம் இது.

பழைய கணினிச் சந்தை

சென்னை ரிச்சி தெரு முதல் மாவட்டத் தலைநகரக் கடைகள் வரை, அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகள் குறைந்த விலையில் விற்கப்படுகின்றன. இவற்றில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் செயலிகளைப் பெரும்பாலும் விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. எனவே இன்று செயலியின் தலைமுறையும் விலையின் ஒரு பகுதியாகிவிட்டது.

மதிப்பீடு

முப்பது ஆண்டுகளில் தடை ஓரிடத்தில் நிற்கவில்லை. மினிடிவி காலத்தில் வட்டு, ஏவிசிஎச்டி காலத்தில் கோர், எச்இவிசி காலத்தில் விரிக்கும் சுற்று என அது இடம் மாறியது. விளையாட்டுக்கு மட்டும் கோரின் வேகமும் கேச்சும் கிராபிக்ஸ் கார்டும் தொடர்ந்து முதன்மையாக இருந்தன. அதனால் இரண்டு வேலைக்கும் ஒரு கணினி வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது, தம் கேமரா எந்த வடிவில் பதிகிறது என்பதும் தம் மென்பொருள் அதை எதைக்கொண்டு விரிக்கிறது என்பதுமே. செயலியின் பெயர் அதற்குப் பிறகுதான் வருகிறது. சிற்றூர் ஸ்டுடியோவில் இந்த வரிசை தவறினால், அடுத்த முகூர்த்த மாதம் வரை அந்தத் தவறோடுதான் வேலை செய்ய வேண்டியிருக்கும்.